பேச்சில் இருப்பதும் பொருட்டாக இருப்பதும்: ‘டாபிகல்’ என்ற சொல்லைப் பற்றி

ஆங்கிலப் பத்திரிகைகளுக்குக் கட்டுரை அனுப்புகிறவர்கள் கேட்டுப் பழகிய பதில் ஒன்று உண்டு: ‘நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் டாபிகலாக இல்லை.’ எடுத்துக்கொண்ட விஷயம் முக்கியமில்லை என்று சொல்லிவிட்டார்களே என்று பலர் மனம் நொந்துபோகிறார்கள். ஆனால் அந்தச் சொல்லுக்கும் முக்கியத்துவத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. அகராதியைப் புரட்டினால் ‘நடப்பு நிகழ்வு சார்ந்த’, ‘தற்காலத்துக்குரிய’ என்று போட்டிருக்கும். தவறில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு எங்கே இந்தச் சொல்லைப் போடலாம், எங்கே போடக் கூடாது என்று தீர்மானிக்க முடியாது.

ஒரு விஷயம் இந்த நேரத்தில் நாலு பேர் வாயில் இருக்கிறதா? டாபிகல் என்ற பெயரடை கேட்கும் கேள்வி அவ்வளவுதான். விஷயம் புதியதா பழையதா, பெரியதா சின்னதா, அதனால் யாருக்காவது பயன் உண்டா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

இதற்கு நம் பக்கத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 2019 ஜூலை 5 அன்று மக்களவையில் பட்ஜெட் உரை படித்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், புறநானூற்றிலிருந்து ‘காய்நெல் அறுத்துக் கவளங் கொளினே’ என்று தொடங்கும் பாட்டைத் தமிழிலேயே சொன்னார். பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் பாடியது, 184-ஆம் பாட்டு. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சின்ன வயல்கூட யானைக்குப் பல நாள் உணவு தரும். யானையே வயலில் இறங்கினால் அது தின்பதைவிடக் காலில் மிதிபட்டு அழிவதுதான் அதிகம். வரி வாங்கும் அரசனுக்குப் புலவர் சொன்ன அறிவுரை இது. எத்தனையோ நூற்றாண்டாகப் பாட்டு அப்படியேதான் இருந்தது. அதன் பொருளும் மாறவில்லை, மதிப்பும் குறையவில்லை. ஆனால் அந்த ஜூலையில் அது டாபிகல் ஆனது. தொலைக்காட்சியில் விளக்கம் சொன்னார்கள், நாளிதழ்கள் உரையோடு அச்சிட்டன. அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் ‘பிணியின்மை செல்வம் விளைவின்பம் ஏமம்’ என்ற 738-ஆம் குறள் வந்ததும் பேச்சு அதற்குத் தாவிவிட்டது. பாட்டின் வயதுக்கும் இந்தச் சொல்லுக்கும் சம்பந்தமில்லை. பேச்சு எப்போது எழுகிறது என்பதுதான் கணக்கு.

இதற்கு நேர்மாறான நிலைமையும் உண்டு, அதுதான் வருத்தமானது. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பல பத்தாண்டுகளாகக் குப்பைக்கும் கட்டடத்துக்கும் இடம் கொடுத்துச் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. தென்சென்னையின் மழைநீர் வடிந்து கடலுக்குப் போக வேண்டிய வழி அது. ஆண்டின் 12 மாதமும் அந்த நகரத்துக்கு அது பொருட்டான விஷயம். ஆனால் பேச்சுக்கு வருவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழை வீட்டுக்குள் புகும்போதுதான். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது எல்லாப் பத்திரிகையும் ஏரிகளையும் சதுப்பு நிலத்தையும் பற்றி எழுதியது. 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் பள்ளிக்கரணை சேர்ந்தபோது மறுபடியும் கொஞ்சம் பேச்சு. ஏப்ரல் மாதத்தில் இதைப் பற்றி ஒருவர் அருமையாக ஒரு கட்டுரை எழுதி அனுப்பினால், டாபிகலாக இல்லை என்ற பதில் வர எல்லா வாய்ப்பும் இருக்கிறது. பத்திரிகைக்காரர் அந்தச் சொல்லைச் சரியாகத்தான் பயன்படுத்துகிறார். ஆனால் ஏப்ரலில் செய்ய வேண்டிய வேலையை டிசம்பரில் செய்ய முடியாது என்பதால், எதைப் பேசுவது என்பதை இந்த ஓர் அளவுகோலை மட்டும் வைத்து முடிவு செய்வது ஊருக்கு நல்லதல்ல என்று நினைக்கிறேன்.

ஆங்கிலப் பத்திரிகைத் தொழிலில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நியூஸ் பெக் என்பார்கள். பெக் என்றால் சட்டையை மாட்டும் முளை. காலத்தோடு ஒட்டாத கட்டுரையை ஒரு நினைவு நாளிலோ, நூற்றாண்டிலோ, அப்போது வந்த தீர்ப்பிலோ மாட்டிவிடுவது. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 26 நெருங்கும்போது கடற்கரை ஊர்களைப் பற்றிய கட்டுரைகள் வருகின்றனவே, 2004 ஆழிப்பேரலையின் நினைவு நாள்தான் அவற்றுக்கு முளை. நல்ல விஷயம் கையில் இருந்து டாபிகலாக இல்லை என்ற பதில் வந்தால், விஷயத்தை மாற்ற வேண்டாம். முளையைத் தேடினால் போதும்.

இந்தச் சொல்லுக்கு இப்படி ஒரு பொருள் எப்படி வந்தது என்பது நீண்ட கதை. கிரேக்க மொழியில் டோபோஸ் என்றால் இடம், அவ்வளவுதான். அரிஸ்டாட்டில் வாதம் செய்யும் கலையைப் பற்றி எழுதிய நூலுக்கு டோபிகா என்று பெயர். எந்தத் தலைப்பில் வாதாட நேர்ந்தாலும் கருத்துகளைத் தேடி எடுக்கச் சில பொதுவான இடங்கள் உண்டு என்பது அதன் அடிப்படை: ஒப்பிட்டுப் பார், எதிர்ப்பதத்தைப் பார், காரணத்தைப் பார், விளைவைப் பார் என்கிற மாதிரி. பிறகு ரோமின் சிசரோவும் கி.மு. 44-இல் இதே பெயரில் ஒரு நூல் எழுதினார், ட்ரெபாட்டியஸ் என்ற சட்டம் படித்த நண்பருக்காக. இந்த நூல்களின் பெயரிலிருந்துதான் ஆங்கிலத்தின் டாபிக் பிறந்தது. முதலில் வாதத்துக்கான இடம், பிறகு வாதத்தின் பொருள், பிறகு எந்தப் பேச்சின் பொருளும்.

அதே கிரேக்க வேர் வேறு வீடுகளிலும் குடியேறியிருக்கிறது. தாமஸ் மோர் 1516-இல் உருவாக்கிய யுடோபியா ‘இல்லாத இடம்’. கருப்பைக்கு வெளியே கரு தங்குவதை மருத்துவர்கள் எக்டோபிக் என்பது இடம் தவறியதால். வேதியியல் பாடத்தில் வரும் ஐசோடோப் 1913-இல் பிரெடரிக் சாடி அறிமுகப்படுத்தியது. தனிம அட்டவணையில் ஒரே இடத்தில் உட்காருபவை என்பதால் அந்தப் பெயர், அதை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் மார்கரெட் டாட் என்ற மருத்துவர். இன்றைய கிரேக்கத்தில் டோபிகோஸ் என்றால் உள்ளூர் சார்ந்தது. ஸ்பானிய மொழியில் டோபிகோ என்றால் எல்லோரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன கருத்து. ஒரே வேரிலிருந்து ஆங்கிலத்தில் இன்றைக்குச் சூடான பேச்சு, ஸ்பானியத்தில் அரைத்த மாவு. ஐரோப்பிய மொழிகளைப் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுவது சகஜம்.

ஆங்கிலத்தில் டாபிகல் முதலில் வந்தபோதும் அதற்கு இடம் சார்ந்தது என்ற பொருள்தான். நடப்பு, காலம் என்ற எண்ணமே அப்போது அதில் இல்லை. அந்தப் பழைய பொருள் இன்றும் ஒரே ஒரு துறையில் உயிரோடு இருக்கிறது: மருத்துவம். களிம்புக் குழாயின் மேல் ‘ஃபார் டாபிகல் யூஸ் ஒன்லி’ என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உடம்பில் எந்த இடத்தில் கோளாறோ அந்த இடத்திலேயே போட வேண்டியது, விழுங்கக் கூடாது என்று அர்த்தம். கண் சொட்டு மருந்தும் டாபிகல்தான், பல்லில் தடவும் ஃபுளோரைடும் அப்படித்தான். ஆனால் தோலில் ஒட்டும் நிக்கோடின் பட்டை அந்தக் கணக்கில் வராது. தோல் அதற்கு ஒரு வாசல் மட்டும். மருந்து ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போய்த்தான் வேலை செய்கிறது. அதை டிரான்ஸ்டெர்மல் என்பார்கள்.

தமிழில் இதற்கு மேற்பூச்சு என்ற அழகான சொல் இருக்கிறது. சித்த மருத்துவம் மருந்துகளை அகமருந்து 32, புறமருந்து 32 என்று பிரித்து, பூச்சு, பற்று, ஒற்றடம், கட்டு என்று புறமருந்துக்குள் வகை வகையாகப் பெயர் வைத்திருக்கிறது. பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மேற்பூச்சுதானே, ஒன்றும் செய்யாது என்ற எண்ணம் ஆபத்தானது. ஸ்டீராய்டு கலந்த களிம்புகளை முகம் வெளுக்க என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் பூசி, தோல் மெலிந்து சிவந்து, பூசுவதை நிறுத்தவும் முடியாமல் வருகிறவர்கள் நம் நாட்டில் அவ்வளவு பேர். தோல் மருத்துவர்கள் அந்த நிலைக்கென்றே தனிப் பெயர் வைக்க வேண்டிவந்தது. டாபிகல் என்ற சொல் மருந்தைப் போடும் இடத்தைத்தான் குறிக்கிறது. மருந்து மென்மையானது என்ற உறுதிமொழி எதையும் அது தருவதில்லை.

சரி, இடம் எப்படிக் காலமாக மாறியது? நாடக மேடை வழியாக. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் லண்டனின் மியூசிக் ஹால்களில் அன்றன்றைய அரசியல், வழக்கு, வதந்தி, புது நாகரிகம் இவற்றை வைத்துப் பாடுவார்கள். டாபிக்குகளைப் பற்றிய பாட்டு என்பதால் அது டாபிகல் சாங். அந்த ஆண்டுகளில்தான் டாபிகல் என்பதற்கு ‘இன்றைய பேச்சைத் தொட்டது’ என்ற பொருள் நிலைத்தது. கில்பர்ட்டும் சல்லிவனும் 1885-இல் மேடையேற்றிய தி மிகாடோ என்ற இசை நாடகத்தில், இல்லாமல் போனாலும் யாரும் வருந்தமாட்டார்கள் என்று ஒரு பாத்திரம் சிலரைப் பட்டியல் போட்டுப் பாடும். அந்தப் பட்டியலில் அந்தந்தக் காலத்து ஆட்களைச் சேர்த்து வரிகளை மாற்றிப் பாடுவது இன்றைக்கும் வழக்கம். மற்ற பாட்டுகள் பெரும்பாலும் அப்படியே இருக்க, இந்த ஒன்றுக்கு ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு புது வரி.

அமெரிக்காவில் இதே பெயரை 1960-களில் நாட்டுப்புறப் பாடகர்கள் எடுத்துக்கொண்டார்கள். நியூயார்க்கில் 1962-இல் தொடங்கிய பிராட்சைடு என்ற சிற்றிதழ், நிறவெறிக்கும் போருக்கும் எதிரான புதுப் பாட்டுகளை மெட்டோடு அச்சிட்டது. அங்கே டாபிகல் சாங் என்றால் கேலியைவிடக் கோபம் அதிகம்.

நம் முச்சந்திகளிலும் இது இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் சென்னையின் குஜிலிக் கடைத்தெருவில் மலிவுத் தாளில் அச்சடித்த சின்னச் சின்னப் பாட்டுப் புத்தகங்கள் விற்றன. ஓர் ஊரில் கொலை நடந்தால் கொலைச் சிந்து, வெள்ளம் வந்தால் வெள்ளச் சிந்து, ரயில் கவிழ்ந்தால் அதற்கொரு பாட்டு. விற்கிறவரே சந்தையில் நின்று பாடிக்காட்டி விற்பார். செய்தித்தாள் வாங்கவோ படிக்கவோ முடியாத மக்களுக்குச் செய்தி அந்தப் பாட்டில்தான் வந்தது. ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி இவற்றை முச்சந்தி இலக்கியம் என்ற பெயரில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். லண்டன் மேடையும் குஜிலியும் ஒன்றையொன்று பார்த்துக் கற்றவை அல்ல. ஊரில் பேச்சு எழுந்தால் பாட்டும் கூடவே எழும் என்பதற்கு இரண்டும் தனித்தனிச் சாட்சிகள்.

இந்தியாவில் இந்தச் சொல்லைப் பெயர்ச்சொல்லாகவே ஆக்கிவிட்டவர்கள் அமுல் விளம்பரக்காரர்கள். 1966-இல் சில்வெஸ்டர் டகுன்யாவும் ஓவியர் யூஸ்டஸ் பெர்னாண்டஸும் புள்ளிச் சட்டை போட்ட அந்தச் சிறுமியை உருவாக்கினார்கள். வெண்ணெயின் தரத்தைப் பற்றியே திரும்பத் திரும்பச் சொன்னால் யாரும் ஏறிட்டுப் பார்க்கமாட்டார்கள் என்பது தெரிந்ததும், ஊர் எதைப் பேசுகிறதோ அதைச் சிறுமி வாயால் பேசவைத்தார்கள். 1969-இல் ஹரே கிருஷ்ணா இயக்கம் பேச்சாக இருந்தபோது ‘ஹர்ரி அமுல், ஹர்ரி ஹர்ரி’ என்று பலகை வைத்தார்கள். அப்புறம் தேர்தல், கிரிக்கெட், சினிமா, விலைவாசி என்று இன்றுவரை நிற்கவில்லை. இவற்றை அவர்கள் டாபிகல்ஸ் என்றே அழைக்கிறார்கள். பல பத்தாண்டுப் பலகைகளை வரிசையாகப் பார்த்தால் நாடு எதைப் பேசியது என்பதற்கு ஒரு நாட்குறிப்பு கிடைத்துவிடும். எது முக்கியமாக இருந்தது என்பதற்கு வேறு ஆவணங்களைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரியும் இடம் நாடாளுமன்றம். பிரிட்டனின் மக்களவையில் அமைச்சர்களிடம் கேள்வி கேட்கப் பொதுவாகச் சில நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். அதற்குள் நிலவரம் மாறிவிடுகிறது என்பதால் 2007-இல் டாபிகல் கேள்விகள் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். துறைக்கான கேள்வி நேரத்தின் கடைசிப் பகுதியில், முன்கூட்டியே கேள்வியின் வாசகத்தைத் தராமல் அன்றைய நிலவரத்தை வைத்துக் கேட்கலாம். நம் நாடாளுமன்றத்திலோ, சட்டமன்றத்திலோ கவன ஈர்ப்புத் தீர்மானம் கொண்டுவருகிறவர் ‘அவசரப் பொது முக்கியத்துவம் வாய்ந்த விஷயம்’ என்று சொல்லித்தான் கொண்டுவர வேண்டும். இங்கே உறுப்பினர் விஷயத்தின் எடைக்குப் பொறுப்பேற்கிறார். அங்கே, இது இன்றைய பேச்சு என்று மட்டும் சொன்னால் போதும். ஆங்கிலத்திலிருந்து இந்தச் செய்திகளை மொழிபெயர்க்கிறவர்கள் டாபிகல் கேள்வியை ‘முக்கியக் கேள்வி’ என்று போட்டுவிட்டால் பொருளே மாறிவிடும்.

நேற்று டாபிகலாக இருந்தது நாளைக்கு அடிக்குறிப்பு கேட்கும். ஷேக்ஸ்பியரின் மேக்பத்தில் குடிபோதையில் கதவு திறக்க வரும் காவலாளி, நரகத்தின் வாசலில் நிற்பதாக எண்ணிக்கொண்டு, இரட்டை அர்த்தத்தில் பேசிச் சத்தியம் செய்கிறவனைக் கிண்டலடிப்பான். இங்கிலாந்து மன்னரையும் நாடாளுமன்றத்தையும் வெடிவைத்துத் தகர்க்கத் திட்டமிட்ட வெடிமருந்துச் சதி வழக்கில் 1606-இல் தூக்கிலிடப்பட்ட ஹென்றி கார்னெட் என்ற பாதிரியாரைப் பற்றிய குறிப்பு அது என்பது ஆய்வாளர்களின் பரவலான கருத்து. அன்றைய பார்வையாளருக்கு உடனே புரிந்திருக்கும். இன்றைக்கு உரையாசிரியர் வேண்டும். இலக்கிய விமர்சனத்தில் இந்த மாதிரி இடங்களை டாபிகல் அல்யூஷன் என்பார்கள்.

சில சமயம் பேச்சு போய்ச் சொல் மட்டும் தங்கிவிடும். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகள்மீது குண்டு வீசிவிட்டுப் போனது. நகரமே அதைப் பற்றித்தான் பேசியிருக்கும். கப்பல் அதே நவம்பரில் அழிந்தது. ‘அவன் சரியான எம்டன்’ என்று இன்றும் சொல்கிறோம். சொல்கிற பலருக்கு அது கப்பலின் பெயர் என்பது தெரியாது.

அண்டை வீட்டுச் சொற்களோடு இதைக் குழப்பிக்கொள்வதுதான் எழுதுகிறவர்களுக்குப் பெரிய தொல்லை. ரெலவன்ட் என்றால் பொருத்தமானது, தொடர்புடையது. அது எப்போதும் ஏதோ ஒன்றுக்குப் பொருத்தம். திருக்குறள் இன்றைக்கும் ரெலவன்ட் என்று எழுதலாம். இன்றைக்கும் டாபிகல் என்று எழுதினால், அண்மையில் குறளைப் பற்றி ஏதோ பேச்சு கிளம்பியிருக்கிறது போல என்று படிப்பவர் நினைப்பார். கரன்ட் என்றால் இப்போது நடப்பில் இருப்பது. அதைப் பற்றி யாரும் பேச வேண்டிய அவசியமில்லை. இப்போதைய வீட்டு முகவரி கரன்ட் அட்ரஸ். டாபிகல் அட்ரஸ் என்று ஒன்று கிடையாது. கன்டெம்பரரி நீண்ட காலப்பரப்பைக் குறிப்பது, நம் ‘சமகால’ அதற்குச் சரியாகப் பொருந்தும். டைம்லி என்பதில் நல்ல வேளையில் வந்தது என்ற பாராட்டு கலந்திருக்கிறது. டாபிகலில் பாராட்டும் இல்லை, குறையும் இல்லை. சமூக ஊடகத்தின் டிரெண்டிங் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்கிறது, ஆனால் அதற்கு எண்ணிக்கை வேண்டும், ஆயுளும் மணிக்கணக்குதான். டாபிகலான விஷயம் வாரக்கணக்கிலும் தாக்குப்பிடிக்கும்.

ஜெர்மன், பிரெஞ்சு படித்தவர்களுக்கு இன்னொரு பொறி. ஜெர்மனின் அக்டுவெல், பிரெஞ்சின் அக்டுவெல் இரண்டுக்கும் பொருள் தற்போதைய என்பது. ஆங்கிலத்தின் ஆக்சுவல் தோற்றத்தில் அதே மாதிரி இருந்தாலும் அதன் பொருள் உண்மையான என்பது. அந்த மொழிகளில் அக்டுவெல் வரும் பல இடங்களில் ஆங்கிலத்தில் டாபிகல்தான் போட வேண்டும்.

இலக்கணத்திலும் இரண்டு பொருளும் வேறு வேறாக நடந்துகொள்கின்றன. நடப்புப் பேச்சு என்ற பொருளில் வரும்போது ‘வெரி டாபிகல்’, ‘ஹைலி டாபிகல்’, ‘மோர் டாபிகல்’ என்று கூட்டலாம், குறைக்கலாம். களிம்பை ‘வெரி டாபிகல்’ என்று சொல்லவே முடியாது; மேற்பூச்சில் அதிக மேற்பூச்சு ஏது? நடப்புப் பொருளில் இது கேள்வி, நகைச்சுவை, விவாதம், நாடகம், குறிப்பு ஆகியவற்றுக்கு அடையாக வரும். ஆளுக்கு வராது. ஒரு நடிகர் எவ்வளவுதான் பேசப்பட்டாலும் அவரை டாபிகல் நடிகர் என்று எழுதுவதில்லை. தபால்தலை சேகரிப்பவர்களிடம் மட்டும் மூன்றாவதாக ஒரு பொருள் உண்டு: பறவை, ரயில், விளையாட்டு என்று ஒரே கருப்பொருளில் சேர்ப்பதை அமெரிக்கர்கள் டாபிகல் கலெக்டிங் என்பார்கள். 1949-இல் தொடங்கிய அமெரிக்கன் டாபிகல் அசோசியேஷன் அவர்களுடைய சங்கம்தான். பிரிட்டனில் அதையே தீமேட்டிக் என்பார்கள். இங்கே காலத்துக்கு வேலையில்லை.

தமிழில் எழுதும்போது ஒரே சொல்லை எல்லா இடத்திலும் ஒட்டத் தேவையில்லை. டாபிகல் இஷ்யூ என்றால் ‘இப்போது பேசப்படும் விஷயம்’. நாளிதழ் நடையில் ‘பேசுபொருள்’ நன்றாகவே உட்காருகிறது, ‘பேசுபொருளாகியிருக்கிறது’ என்று வினையாகவும் வளைகிறது. டாபிகல் காமெடியை ‘நாட்டு நடப்புக் கேலி’ எனலாம். போட்டித் தேர்வுப் பாடத்திட்டத்தின் ‘நடப்பு நிகழ்வுகள்’ கரன்ட் அஃபேர்ஸ் என்பதற்கானது, அதை இங்கே கொண்டுவர வேண்டாம். களிம்புக்கு மேற்பூச்சு. டாபிகாலிட்டி என்ற பெயர்ச்சொல்லுக்கு மட்டும் ஒற்றைச் சொல் தேடி அலைவதைவிட, ‘கட்டுரை இன்றைய பேச்சோடு ஒட்டியிருக்கிறது’ என்று வாக்கியமாகவே எழுதிவிடுவது நல்லது. படிப்பவருக்கு ஒரே மூச்சில் புரியும்.